சட்டைப் பைக்குள் பேனாவும் டெஸ்டரும்: நழுவாத உறையை எதில் தைப்பது, எப்படித் தைப்பது?

மில் மின்பணியாளர், திருமங்கலம்:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் 17 ஆண்டுகளாக மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சட்டைப் பையில் நான் சுமக்கும் சாமான்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஓர் உறை வேண்டும். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். சின்ன விஷயமாகத் தோன்றலாம். போன மாதம் வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நடந்தது இதுதான். இரண்டாவது ஷிப்டில் ஒரு மின் பேனலின் கதவைத் திறந்து, கீழ் வரிசையில் சூடேறியிருந்த ஒரு கேபிள் முனையைப் பார்ப்பதற்காகக் குனிந்தேன். இடப்பக்கப் பையில் இருந்த டெஸ்டர் சத்தமே இல்லாமல் வழுக்கி என் முகத்துக்கு முன்னால் விழுந்து, பஸ்பார்கள் (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டைகள்) திறந்து கிடந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கேபிள்களுக்கு நடுவே செருகிக்கொண்டது. அந்த ஒரு சாண் இல்லையென்றால் 415 வோல்ட்டில் இரண்டு பேஸுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி கிடந்திருக்கும். அதற்கு நேரே என் முகம் இருந்திருக்கும். மெயினை அணைக்காமல் குனிந்தது என் தவறு. அதை மேற்பார்வையாளரிடம் அன்றே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் மெயினை அணைத்திருந்தாலும் டெஸ்டர் விழத்தான் செய்திருக்கும். உள்ளே விழுந்ததைக் கவனிக்காமல் கதவை மூடி மறுபடி மின்சாரம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் தூக்கம் வரவில்லை.

என் பையில் எப்போதும் இருப்பவை: இரண்டு பால்பாயிண்ட் பேனா, ஒரு மார்க்கர், டெஸ்டர், 3 மி.மீ. வாயுள்ள சிறிய திருப்புளி, 15 செ.மீ. எஃகு ஸ்கேல். மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் நேதாஜி ரோட்டிலும் கடை கடையாகக் கேட்டுப் பார்த்தேன். பேனா வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் கிடைத்தது. அது ஒரே மாதத்தில் மடிப்பில் கீறிவிட்டது. சித்திரை வெயிலில் சட்டை முழுக்க நனைந்துபோகிற ஊரில், தினமும் பத்து மணி நேரம் பையில் இருக்கக்கூடிய ஓர் உறையை எதில் செய்வது, எப்படிச் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


சத்திரத்துத் தையற்காரர்:

தம்பி, உயிர் பிழைத்தீர்கள்; முதலில் அந்தச் சொக்கனுக்கு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள். என் தகப்பனார் காலத்தில் இருந்து நாங்கள் மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே எந்திரம் போட்டுத் தைத்தவர்கள். கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது நானும் மாறி வந்தேன். பையும் உறையும் எனக்குப் பழக்கமான வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உறையைப் பற்றி யோசிக்கும் முன் சட்டைப் பையை அளந்து பாருங்கள். ரெடிமேட் சட்டையில் பை பெரும்பாலும் நாலரை முதல் ஐந்து அங்குல அகலமும், ஐந்து முதல் ஐந்தரை அங்குல ஆழமும் இருக்கும். உங்கள் டெஸ்டர் ஏழு அங்குலம் இருந்தால், அதன் கனமான கைப்பிடி பைக்கு வெளியே நிற்கிறது, இலேசான கம்பி பைக்குள் இருக்கிறது. தலை கனத்த சாமான் குனிந்தால் விழாமல் என்ன செய்யும்? ஆகவே உறையின் முதுகுப் பக்கம் பையின் வாய்க்கு மேல் குறைந்தது ஓர் அங்குலம் எழும்பி நிற்க வேண்டும். முன்பக்கத்தில் இருந்து ஒரு நாக்கு பையின் வாயைத் தாண்டி வெளியே மடிந்து தொங்க வேண்டும். பேனாக்களின் கிளிப் அந்த நாக்கைப் பிடித்துக்கொண்டால், உறையும் நழுவாது, சட்டையின் வாய்த் துணியும் தேயாது.

ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி அறை வேண்டும். பொதுவாக ஒரே பையில் போட்டால் ஒன்றை எடுக்கும்போது மற்றது கூடவே கிளம்பி வரும். உங்கள் டெஸ்டரும் அப்படிப் பாதி கிளம்பி நின்றிருக்கவே வாய்ப்பு அதிகம். அறையின் அகலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு துணிக்கு நடுவே உருண்டையான பொருள் போனால், அதன் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக அறை வேண்டும். 10 மி.மீ. பேனாவுக்கு 16 மி.மீ., அதோடு தாராளத்துக்கு 2 மி.மீ. சேர்த்து 18. தையற்காரர்கள் பலர் பேனாவை வைத்து ஓரத்தில் கோடு கிழித்துத் தைத்துவிடுவார்கள். பிறகு பேனா உள்ளேயே போகாது.

துணியைப் பொறுத்தவரை ரெக்சின் என் தேர்வு. ரெக்சினுக்கு 16 அல்லது 18-ஆம் எண் ஊசி போட்டு, தையலை நீட்டமாக, 3 முதல் 4 மி.மீ. வரை வைக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். நெருங்கிய துளைகள் தபால்தலையின் ஓரத்தைப் போல ஆகி, அதே கோட்டில் ரெக்சின் கிழிந்து வந்துவிடும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும்.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அனுப்பானடி:

மையைப் பற்றி ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். 34 ஆண்டுகள் வெள்ளைச் சட்டையும் மைப்பேனாவுமாகவே பள்ளிக்குச் சென்றவன் நான். இடப்பக்கப் பையின் அடியில் ஒரு நீலக் கறை இல்லாத சட்டை என்னிடம் இரண்டு மூன்றுகூட இருந்ததில்லை.

மைப்பேனா ஒழுகுவதற்குப் பெரும்பாலும் பேனாவின் தரக் குறைவு காரணமன்று. குழாயில் மை குறைந்து பாதிக்கு மேல் காற்றாக இருக்கும்போது, உடம்புச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து, மையை நிப்பின் வழியாக வெளியே தள்ளுகிறது. குழாயிலேயே நேரடியாக மை நிரப்பும் பேனாக்களில் இது மிகுதி. எனவே மை பாதியானவுடன் நிரப்பிவிடுவதும், நிப் மேல்நோக்கி இருக்கும்படி வைப்பதும் நல்ல பழக்கம். மூடியில் கிளிப் இருக்கும் எல்லாப் பேனாவும் தானாகவே நுனி மேலாகத்தான் பையில் நிற்கும். பொத்தானை அழுத்தும் பேனாவிலோ கிளிப் பொத்தான் பக்கம் இருப்பதால் நுனி கீழே நிற்கிறது. நுனியை உள்ளே இழுக்க மறந்துவிட்டால், அது பையின் அடித்துணியில் மணிக்கணக்காகப் பதிந்திருந்து மையை உறிஞ்சக் கொடுக்கிறது. ஆகவே தையற்காரர் சொன்ன உறைக்கு அடியும் இருக்க வேண்டும், அந்த அடியில் தையல் துளை இருக்கக் கூடாது என்பது என் கோரிக்கை. ஒரே ரெக்சின் துண்டை அடியில் மடித்து மேலே கொண்டுவந்தால் இது கைகூடும்.

கறை பட்டுவிட்டால் வெந்நீரில் போடுவதும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. பால்பாயிண்ட் மை எண்ணெய்த் தன்மையுள்ளது. கறைக்கு அடியில் ஒரு பழைய துணியை வைத்து, மேலிருந்து ஸ்பிரிட்டையோ சானிடைசரையோ ஒற்றி ஒற்றி எடுத்தால் அடித்துணிக்கு இறங்கிவிடும். ஜெல் பேனாவின் மையில் நிறமித் துகள்கள் இருப்பதால் அது அவ்வளவு எளிதாக இறங்குவதில்லை. என் பேரன் ஜெல் பேனாவால் கெடுத்த சட்டைகளை நான் காப்பாற்ற முயன்று தோற்றிருக்கிறேன்.


லேத் பட்டறைக்காரர், கப்பலூர்:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பட்டறையில் மார்புப் பையில் ஒரு சாமானும் வைக்கக் கூடாது என்பது கட்டளை. லேத்தில் வேலை செய்பவன் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறான். பையில் இருப்பது, வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் சக்கில் விழுந்தால் அது விழுந்த வேகத்தில் திரும்பி வராது, சக்கு சுற்றும் வேகத்தில் வரும். கோடு கிழிக்கும் ஸ்க்ரைபரைப் பையில் வைத்துக்கொண்டு படியில் தடுக்கி விழுந்த ஒருவருக்குத் தாடையின் அடியில் ஏறிய தழும்பு இன்றும் இருக்கிறது. முனை மேலே நோக்கியிருந்ததுதான் காரணம்.

நல்ல உறை செய்துவிட்டால் மார்பில் எதையும் வைக்கலாம் என்ற தைரியம் வந்துவிடும். எனக்கு அந்தத் தைரியம்தான் பயமாக இருக்கிறது. பேனாவும் ஸ்கேலும் பையில் இருக்கட்டும். டெஸ்டர், திருப்புளி, ஸ்க்ரைபர் எல்லாம் இடுப்பு வாரில் ஒரு பவுச்சுக்குப் போகட்டும். இதுதான் என் முடிவு.


மில் மின்பணியாளர், திருமங்கலம்:

அண்ணே, நீங்கள் சொல்வது லேத்துக்கு முழுக்கச் சரி. ஆனால் நான் ஏணியில் ஏறும்போது இடுப்பில் பாதுகாப்பு வார் இருக்கும். அதன் மேல் பவுச் போட்டால் கொக்கி மாட்டுவதற்குத் தடங்கலாகிறது. கேபிள் பள்ளத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்யும்போது இடுப்புப் பவுச்சில் கை நுழையாது. எனவே டெஸ்டர் மார்பில்தான் இருந்தாக வேண்டும் என்ற நிலையில் கேட்கிறேன். அதே சமயம் ஒன்றை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்: திறந்த பேனல் முன் குனியும்போது உறையோடு மொத்தமாகக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். தனித்தனியாகக் கழற்றச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். ஒரே பிடியில் உறையையே உருவி எடுக்க முடிந்தால் செய்வார்கள். இதை நான் யோசித்திருக்கவில்லை.


செவிலியர், மதுரை:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கும் இதே தேவை உண்டு. இரண்டு பேனா, சிறு டார்ச், நுனி மழுங்கிய கத்தரி, சில சமயம் ஒரு தெர்மாமீட்டர். குனிந்து நோயாளியைப் புரட்டும்போது பையில் இருந்து கத்தரி படுக்கையில் விழுவது எங்களுக்குப் பெரிய பயம்.

ஆனால் எங்களுக்கு உறை துணியிலும் தோலிலும் இருக்கவே கூடாது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளியிடம் போகும் பொருள் என்பதால் அதைத் துடைக்க முடிய வேண்டும். ரெக்சினையும் பிளாஸ்டிக்கையும் துடைக்கலாம். ஒன்றை அனுபவத்தில் பார்த்தேன்: தினமும் ஸ்பிரிட்டால் துடைத்தால் மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக் உறை ஆறு ஏழு மாதத்தில் விறைத்து, மடிப்பில் வெடிக்கிறது. அதன் மென்மைக்காகச் சேர்த்திருக்கும் பொருளை ஸ்பிரிட் இழுத்துவிடுகிறது என்று மருந்தகத்தில் சொன்னார்கள். இப்போது முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, தேவையான இடத்தில் மட்டும் ஸ்பிரிட் போடுகிறேன். அந்த உறைக்குள் ஜெராக்ஸ் தாளை மடித்து வைத்தால், எழுத்து தாளை விட்டுப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை மருந்தளவு எழுதிய சீட்டு அப்படிப் பாழானது. நல்ல வேளையாக மூலத் தாள் கோப்பில் இருந்தது.

மற்றொன்று, மின்பணி செய்யும் சகோதரர்களுக்காக எழுதுகிறேன். ஆணி, திருகு எடுப்பதற்காகக் காந்த நுனியுள்ள குச்சியைச் சட்டைப் பையில் வைக்கும் வழக்கம் உண்டு. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அப்படி வைக்கவே கூடாது. காந்தம் அந்தக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்றுதான் எங்கள் மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறார்கள். பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழேதான் இருக்கும். அதாவது அந்தப் பைக்கு நேர் மேலே. வீட்டில் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியவரைக் கட்டிப்பிடிக்கும்போதும், அப்படி வைத்திருப்பது குழந்தையாக இருந்தால் தூக்கும்போதும் பையில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் பாருங்கள்.


தோல் தொழிலாளி, திண்டுக்கல்:

தோல் கூடவே கூடாது என்று சகோதரி சொன்னது ஆஸ்பத்திரிக்குச் சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. மின்பணிக்குத் தோலை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லவே வந்தேன்.

தோலில் இரண்டு வகை உண்டு. குரோம் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், நீல நிறப் பதத்தில் இருந்து வரும். செருப்புக்கும் கைப்பைக்கும் அது போகும். பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவது இந்தப் பக்கத்துப் பழைய தொழில். உறைக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகைதான். அதை நனைத்து, டெஸ்டரையே உள்ளே செருகி, விரலால் அழுத்தி வடிவம் கொடுத்து நிழலில் காயவிட்டால், காய்ந்த பிறகு அந்த டெஸ்டரின் வடிவத்தில் அப்படியே நின்றுவிடும். ரெக்சின் தையலால் பிடிக்கிறது. தோலோ தன் வடிவத்தாலேயே பிடித்துக்கொள்கிறது. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் சரியாகச் செய்த தோலுறையில் இருந்து சாமான் வராது.

ஆனால் நனைத்து வடிவம் கொடுக்கும்போது வெறும் இரும்பைச் செருகாதீர்கள். பட்டையில் பதனிட்ட தோலில் ஈரத்தோடு இரும்பு பட்டால் அந்த இடம் கருநீலமாகக் கறுத்துவிடும், எளிதில் போகாது. டெஸ்டரைப் பிளாஸ்டிக் தாளில் நன்றாகச் சுற்றிவிட்டுச் செருக வேண்டும். வியர்வையிலும் ஒரு சிக்கல் உண்டு. தோலில் இருந்து சாயம் வெள்ளைச் சட்டைக்கு இறங்கும். அதனால் சட்டைப் பக்கம் ஒரு மெல்லிய ரெக்சின் முதுகு கொடுத்து, முன்பக்கம் மட்டும் தோலாக வைத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். மை பட்டால் தோல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆசிரியர் ஐயாவின் மைப்பேனாவுக்குத் தோல் வேண்டாம்.


பாலிடெக்னிக் விரிவுரையாளர், மதுரை:

தையற்காரர் ஐயா சொன்ன ஒன்றரை மடங்குக் கணக்கு, முன்னும் பின்னும் இரண்டு துணிகளும் வளைந்து கொடுக்கும்போது சரி. முதுகு விறைப்பாக இருந்தால் அது போதாது. முதுகு வளையாமல் நின்றால் வளைய வேண்டிய முழுவதையும் முன்துணி மட்டும் வளைந்தாக வேண்டும். 10 மி.மீ. பேனாவுக்கு முதுகில் 20 மி.மீ. இடைவெளி விட்டுத் தையல் போட்டால், அந்த இரண்டு தையலுக்கு நடுவே முன்துணி 29 மி.மீ.க்குச் சற்று மேல் வேண்டியிருக்கும். 30 என்று வெட்டிக்கொள்ளலாம். ஆறு அறைக்கு இப்படிக் கூடுதலாக வெட்டாமல் விட்டால், எல்லாப் பேனாவையும் செருகிய பிறகு உறை முழுவதும் முதுகுப் பக்கம் வளைந்து, மார்பில் ஒரு மரக்கட்டை போல நிற்கும்.

விறைப்பான முதுகு தேவையா என்று கேட்டால், தேவை என்பேன். உறைக்குள் பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டி வைத்துத் தைத்தால் போதும். பாலியஸ்டர் தாள் என்பதால் வியர்வை உறிஞ்சாது, எளிதில் கிழியாது. ஓரங்களைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூரான மூலை மூன்று நாளில் ரெக்சினைத் துளைத்துவிடும்.

வியர்வைக்காகவும் அந்த முதுகு முக்கியம். டெஸ்டருக்குள் இருப்பது ஒரு நியான் விளக்கும் அதோடு தொடராக ஒரு பெரிய மின்தடையும். அந்த மின்தடை மின்னோட்டத்தை மிகச் சிறிதாகக் குறைத்துத் தருவதால்தான் நாம் விரலை வைத்துப் பார்க்க முடிகிறது. வியர்வை உள்ளே இறங்கி ஈரம் படிந்தால், மின்னோட்டம் அந்த மின்தடையைச் சுற்றிக்கொண்டு விரலுக்கு வர வழி கிடைக்கிறது. நனைந்த சட்டையோடு ஒட்டிய பையில் நாள் முழுவதும் டெஸ்டரை வைப்பவர்கள் இதைக் கருத வேண்டும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி மின்சாரம் இல்லை என்று முடிவு செய்வதும் கூடாது என்று மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்; இங்கும் சொல்லிவைக்கிறேன்.

நாக்கு வெளியே மடிந்து, முதுகு மேலே எழும்பும் இந்த வடிவம் எண்பது ஆண்டுகளுக்கு முந்தையது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த ஹர்லி ஸ்மித் என்ற மின்பொறியாளர் 1943-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்; 1947-இல் அது அவருக்குக் கிடைத்தது. ஒரே பிளாஸ்டிக் துண்டை இரண்டு இடத்தில் மடித்து, சட்டைப் பையின் வாய்த் துணியை நடுவில் பிடித்துக்கொள்ளும்படி செய்தார். அவருடைய கவலை மைக்கறையும் பையின் தேய்மானமும்தான். தம்பியின் கவலை சாமான் விழக் கூடாது என்பது. அதே வடிவத்தில் ஒரு மூடுபட்டையைச் சேர்த்தால் இரண்டுக்கும் ஆகும்.

வீட்டிலேயே பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி ஒட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பி.வி.சி.யைச் சால்டரிங் இரும்பால் கருக்கினால் வரும் புகை மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும். தைத்துக்கொள்வதே நல்லது.


சத்திரத்துத் தையற்காரர்:

விரிவுரையாளர் ஐயா திருத்தியது முழுக்கச் சரி. நான் கைப்பழக்கத்தில் துணிப் பைக்கான கணக்கைச் சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே தாள் வைத்தால் முன்துணியைக் கூட்டித்தான் வெட்ட வேண்டும். தம்பி, சாமான்களோடு கடைக்கு வாருங்கள். வரும்போது நீங்கள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை ஒன்றையும் எடுத்து வாருங்கள். பையின் மேல் மூலைகளில் முக்கோணத் தையல் இல்லையென்றால், இந்தக் கனத்துக்கு மூலை பிய்ந்து பையோடு தொங்கும். அதையும் போட்டுத் தருகிறேன்.


மில் மின்பணியாளர், திருமங்கலம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சத்திரத்துக்குப் போய் ஐயாவைப் பார்த்தேன். ஒரு மாலை முழுவதும் என் சாமான்களைத் துணியில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் நூலால் சுற்றி அளந்து, அந்த நூலை ஸ்கேலில் வைத்துக் குறித்துக்கொண்டார்.

உறை இப்படி அமைந்தது. கருப்பு ரெக்சின், ஒரே துண்டு, அடியில் தையல் இல்லை. முதுகுக்குள் எக்ஸ்ரே தாள் இரண்டு அடுக்கு. வலமிருந்து இடமாக மார்க்கர், இரண்டு பேனா, திருப்புளி, டெஸ்டர். முதுகை ஒட்டித் தட்டையான ஓர் அறையில் ஸ்கேல். டெஸ்டரின் அறைக்கு மட்டும் திண்டுக்கல் நண்பர் சொன்னபடி தோல் வைத்தோம். டெஸ்டரைப் பால் கவரில் சுற்றி, நனைந்த தோலுக்குள் செருகி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன். கைப்பிடியின் கழுத்தில் இருக்கும் பள்ளத்துக்கு நேரே தோலும் குழிந்து நிற்கிறது. உள்ளே தள்ளும்போது கடைசி அரை அங்குலத்தில் ஒரு சிறு தடை வந்து, பிறகு "டொக்" என்று உட்காருகிறது. அந்தச் சத்தம் கேட்காமல் இப்போது நான் கையை எடுப்பதில்லை. மேலே குறுக்காக ஒரு மூடுபட்டை. அதற்கு ஐயா முதலில் டிச் பட்டன் போடலாம் என்றார். பேனல் முன்னால் நிற்கிறவன் மார்பில் இன்னொரு உலோகம் வேண்டாம் என்று வெல்க்ரோ கேட்டேன். நூற்பாலையில் பறக்கும் பஞ்சு வெல்க்ரோவில் அடைத்துக்கொள்வது உண்மைதான். வாரம் ஒரு முறை ஊசியால் கிளறி எடுக்கிறேன்.

வீட்டில் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் தலையைத் தொங்கப்போட்டு முழுக்கக் கவிழ்ந்து பார்த்தேன். மூடுபட்டையைத் திறந்துவிட்டும் பார்த்தேன். டெஸ்டர் அசையவில்லை. பேனா இரண்டும் கிளிப்பில் நின்றன. திருப்புளி மட்டும் விழுந்தது. வேலை நாட்களில் இன்னொரு குறையும் தெரிந்தது: நிமிர்ந்து நிற்கும்போது அதே திருப்புளி அறைக்குள் முழுக்க இறங்கிவிடுகிறது, கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் நோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவசரத்தில் நோண்டும்போது பக்கத்துப் பேனா கிளம்புகிறது.

கப்பலூர் அண்ணனுக்கு: இப்போது பேனல் கதவைத் தொடும் முன் மூடுபட்டையைப் பிடித்து உறையை மொத்தமாக உருவி, கதவுக்கு வெளியே கருவிப் பெட்டிமேல் வைத்துவிடுகிறேன். டெஸ்டர் வேண்டும்போது அதை மட்டும் எடுத்துக் கையிலேயே வைத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் தங்களுக்கும் ஓர் உறை வேண்டும் என்கிறார்கள்.


லேத் பட்டறைக்காரர், கப்பலூர்:

உருவி வைக்கும் பழக்கம் நிலைத்துவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை, தம்பி. என் பட்டறையில் மார்புப் பைக்கான கட்டளை அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்தத் தோலறை போல ஒன்று ஸ்க்ரைபருக்கு, முனை கீழாக, இடுப்பு வாரில் மாட்டும்படி திண்டுக்கல்காரர் செய்து தருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். அடியில் ஒரு செப்புத் தகடாவது கட்டைத் துண்டாவது வைக்க வேண்டும். வெறும் தோலை ஸ்க்ரைபர் ஒரு வாரத்தில் குத்திக் கிழித்துவிடும்.


தோல் தொழிலாளி, திண்டுக்கல்:

செய்யலாம் அண்ணே. கட்டைத் துண்டே போதும். செம்பு ஈரத்தில் பச்சை பிடிக்கும். ஸ்க்ரைபரின் நீளமும், தடித்த இடத்தின் குறுக்களவும் எழுதுங்கள்.


சத்திரத்துத் தையற்காரர்:

திருப்புளி இறங்குவது என் தவறு. எல்லா அறைக்கும் ஒரே ஆழம் வைத்துவிட்டேன். திருப்புளி பேனாவைவிடக் குட்டை என்பதைக் கவனித்திருக்க வேண்டும். உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. அந்த அறையில் மட்டும் அடியில் இருந்து ஒன்றே கால் அங்குலம் மேலே குறுக்காக ஒரு தையல் ஓட்டிவிட்டால் திருப்புளி அதிலேயே நின்றுவிடும். தலைகீழாக விழுவதற்கு, அறையின் வாயில் உட்பக்கமாக ஒரு துண்டு ரெக்சினைச் சொரசொரப்பான பின்புறம் வெளியே தெரியும்படி வைத்துத் தைக்கிறேன். அது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும்.

நண்பர்கள் இரண்டு பேருக்கும் வேண்டும் என்றால், அவர்கள் சாமான்களையும் கூடவே கொண்டு வரட்டும். உங்கள் அளவை வைத்து அவர்களுக்கு வெட்ட மாட்டேன். செவிலியர் அம்மாவின் உறைக்கு வெள்ளை ரெக்சின் வாங்கி வைத்திருக்கிறேன். கத்தரியின் நுனி மழுங்கலா, வளைவா என்று தெரிந்தால் அறையை வெட்டிவிடுவேன்.


செவிலியர், மதுரை:

மழுங்கல்தான் அண்ணன், ஆனால் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு வளைவு இருக்கிறது. சனிக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்ததும் கத்தரியையே கொண்டு வந்து தருகிறேன்.